‘முந்தைய காயங்கள்’ என்ற கட்டம்

ஏலம் இரண்டு மணிக்கு என்று அறிவித்திருந்தார்கள். இரண்டு பத்துக்குத்தான் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை. கைப்பேசியைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டு நானும் என் கணவரும் மகளும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து பார்த்தோம். எங்கள் ராயப்பேட்டை வீட்டில் படம் அறுபடாமல் வருவது அந்த இடத்தில் மட்டும்தான்.

அது பெண்களுக்கான ஹாக்கி லீக்கின் ஏலம். ஒவ்வொரு வீராங்கனையின் பெயரையும் வாசிப்பார்கள். படம் திரையில் வரும். ஏதாவது ஓர் அணி பலகையை உயர்த்தினால் விலை ஏறும், யாரும் உயர்த்தாவிட்டால் சுத்தியலைத் தட்டிவிட்டு அடுத்த பெயருக்குப் போவார்கள். கோல்கீப்பர்கள் மூன்றாவது பிரிவு. என் மகளின் படம் நான்கு முப்பத்தேழுக்கு வந்தது. அந்தப் படத்தை எடுத்தவள் நான்தான். மொட்டைமாடிச் சுவருக்கு முன்னால் நிற்கவைத்து, மூன்று முறை எடுத்து, கண் மூடாத ஒன்றை அனுப்பியிருந்தேன். பெயர் வாசிக்கப்பட்டதிலிருந்து சுத்தியல் விழும்வரை பதினொரு நொடிகள். எந்தப் பலகையும் உயரவில்லை.

என் கணவர் கைப்பேசியைத் தட்டிப் பார்த்தார். "நின்னுடுச்சா இது?"

"நிக்கல நைனா, ஓடிக்கினுதான் கீது," என்றாள் மகள். எழுந்தாள். கட்டிலுக்கடியில் இருந்த பெரிய பையை இழுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள்.

கோல்கீப்பரின் காலில் கட்டும் தடித்த நுரைப் பேடுகளும் கையுறைகளும் வியர்வையை உறிஞ்சிவைத்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை கழுவி வெயிலில் போடாவிட்டால் பக்கத்தில் நிற்க முடியாது. அன்றைக்குக் கழுவும் முறை இல்லை. வியாழக்கிழமைதான் கழுவியிருந்தாள். ஆனாலும் இரண்டு பக்கெட் தண்ணீர் ஊற்றித் தேய்த்தாள். கீழ்வீட்டு அக்கா ஜன்னலிலிருந்து கத்தினார்: "யாருடி அது, செத்த எலிய மறுபடியும் காயப் போடறது?"

"நான்தான்க்கா. இன்னிக்கு எலிக்கு ஸ்பெஷல் குளியல்," என்று மேலிருந்து பதில் வந்தது. குரல் சரியாகத்தான் இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அவளுக்கு வயது இருபத்திரண்டு. ஏலத்துக்கு முன்பே அடையாறில் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஏலத்தின் முடிவு தெரியட்டும் என்று அவள் தவணை கேட்டதில், மூன்றாவது வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று தலைமையாசிரியை சொல்லியிருந்தார். பள்ளிக்கு ஏழரைக்குப் போக வேண்டும். அவளுடைய பயிற்சி காலை ஆறு முதல் எட்டரை வரை. இரண்டையும் சேர்த்துச் செய்ய வழியில்லை. வேலையில் சேர்ந்தால் ஆட்டம் முடிந்தது என்று அர்த்தம். அதை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. என் நோட்டில் மட்டும் ஒரு வரி எழுதினேன்: ‘இன்றிலிருந்து மூன்றாவது வெள்ளி.’

நான் ஒரு மருத்துவமனையில் நோயாளிகளின் கேஸ் ஷீட்டுகளைப் பராமரிக்கும் பிரிவில் இருபது வருடங்களாக வேலை பார்க்கிறேன். எங்கள் பிரிவில் சேர்ந்த முதல் நாளே இரண்டு விதிகள் சொல்வார்கள். எந்தக் கட்டத்தையும் காலியாக விடக் கூடாது. நோயாளி வாயால் சொன்னதை, நாம் கண்ணால் பார்த்ததோடு கலக்காமல், ‘அவர் சொன்னபடி’ என்று தனியாக எழுத வேண்டும். இந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. மகள் பன்னிரண்டு வயதில் ஹாக்கி மட்டையைத் தொட்ட நாளிலிருந்து எழுதி வருகிறேன். பயிற்சிக்குக் கிளம்பிய நேரம், ஆடிய ஆட்டம், வாங்கிய கோல், பட்ட அடி. மொத்தம் ஆறு நோட்டுகள்.

அந்த வாரம் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அலுவலகத்தில் ஒரே ஷீட்டை இரண்டு முறை எண்ணிட்டு அடுக்கினேன். வீட்டில் ரசத்துக்கு இரண்டு தடவை உப்புப் போட்டேன். மகள் பயிற்சிக்குப் போகவில்லை, ஆனால் ஐந்து மணிக்கு எழுந்து மாடியில் நடந்தாள். அவளுடைய காலடி ஓசை என் தலைக்கு மேல் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் படுத்தபடி அதை எண்ணினேன்.

வியாழக்கிழமை மாலை மகளின் பயிற்சியாளர் என்னை மட்டும் வரச் சொன்னார். அடையாறில் அவர்கள் ஆடும் மண் மைதானத்தின் வாசலில் ஒரு டீக்கடை. அவர் வயது அறுபதை நெருங்கும். விசில் எப்போதும் கழுத்தில் தொங்கும். பெஞ்சில் எனக்கு இடம்விட்டு, சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்தார்.

"யம்மா, இத்த யாரு எழுதுனது?"

ஏலத்துக்கு முன் ஒவ்வொரு வீராங்கனையைப் பற்றியும் அணிகளுக்குக் கொடுத்த விவரத்தாள் அது. மகளின் பெயர், உயரம், ஆடிய போட்டிகள். அதற்குக் கீழே ‘முந்தைய காயங்கள்’ என்ற தலைப்பு. அதன்கீழ் பதினான்கு வரிகள்.

விண்ணப்பம் வந்தபோது அவள் வெளியூர் முகாமில் இருந்தாள். "நீயே போட்டுடும்மா, உனக்குத்தான் எல்லாம் தெரியும்," என்று சொல்லிவிட்டாள். கணினித் திரையில் அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கூட்டல் குறி இருந்தது. அதைத் தட்டத் தட்ட இன்னொரு வரி திறந்தது. நான் ஆறு நோட்டுகளையும் எடுத்துவைத்து, ஒரு சனிக்கிழமை முழுவதும் உட்கார்ந்து, ஒன்றுவிடாமல் ஏற்றினேன். ‘இடது கணுக்கால், வெளிப்புறத் தசைநார்ச் சுளுக்கு, முதல் நிலை, பதினொரு நாள் ஓய்வு.’ ‘வலது முழங்கால், சிராய்ப்பு, இரண்டு நாள்.’ ‘இடது மணிக்கட்டு, மயிரிழை விரிசல், ஐந்து வாரம்.’ முடித்தபோது எனக்கு நிறைவாக இருந்தது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

"நான்தான் சார் எழுதினேன்."

"இன்னாத்துக்கு?"

"கேட்டிருந்தாங்களே சார்."

"கேப்பாங்கம்மா. கேட்டா எல்லாத்தையும் சொல்லிடுவியா? பொண்ணு பாக்க வர்றவன் கேட்டா, அவ ஒன்னாங்கிளாஸ்ல வாந்தி எடுத்ததையும் சேத்து சொல்லுவியா?" அவர் தாளைத் தட்டினார். "அத்தினி பொண்ணுங்க பேப்பரையும் பாத்தேன். ஹாக்கி ஆடுற எவளுக்கும் இதுவரிக்கும் அடியே பட்டதில்ல. எல்லாம் கோயில் செல மாதிரி கீதுங்க. உம்பொண்ணு ஒருத்திதான் பதினாலு வாட்டி அடிபட்டுக் கீறா."

அவருடைய பழைய தோழர் ஒருவர் ஓர் அணியில் உதவிப் பயிற்சியாளர். அவர் சொன்னதுதான் இது. அந்த அணி என் மகளின் பெயரைக் குறித்துவைத்திருந்ததாம். கோல்கீப்பர் என்றால் முதலில் முழங்காலையும் கணுக்காலையும்தான் பார்ப்பார்களாம். அந்தப் பக்கத்தைத் திறந்திருக்கிறார்கள், பார்த்திருக்கிறார்கள், அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டிருக்கிறார்கள்.

"அவகிட்ட சொல்லிட்டீங்களா சார்?"

"நான் ஏன் சொல்லணும்? எழுதுனது நீ." டீயைக் குடித்து முடித்தார். பிறகு கொஞ்சம் தணிந்து, "இன்னும் முடியலமா. சீசன் தொடங்கறவரிக்கும் டீம்ல ஆளு மாத்துவாங்க. அதுக்குள்ள அவள கிரவுண்டுக்கு அனுப்பு," என்றார்.

பேருந்தில் ஜன்னலோர இடம் கிடைத்தும் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. லஸ் முனையிலேயே இறங்கி, ராயப்பேட்டை நெடுஞ்சாலை வழியாக வீட்டுக்கு நடந்தேன். முப்பத்துநான்கு நிமிடம். வழியெல்லாம் பதினான்கு வரிகளையும் வரிசையாகச் சொல்லிப் பார்த்தேன். எதையாவது விட்டிருக்கலாமா என்று ஒவ்வொன்றிடமும் நின்றேன். எல்லாமே உண்மை. அதனால் எதை எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

வீட்டில் அவள் கேட்டாள்: "சார் இன்னா சொன்னாரு?"

"பிராக்டிஸுக்கு வரச் சொன்னார்."

"அதுக்கா உன்ன அடையாறு வரைக்கும் கூப்பிட்டாரு?"

நான் குக்கரைத் திறக்கப் போனேன். அதில் இன்னும் ஆவி அடங்கியிருக்கவில்லை. அன்றைக்கு நோட்டில் ‘சொல்லவில்லை’ என்று எழுதினேன். வெள்ளியும் அதையே எழுதினேன். சனியும்.

ஞாயிற்றுக்கிழமை அவள் தி.நகருக்கு வரச் சொன்னாள். பள்ளிக்குப் போட்டுக்கொண்டு போக இரண்டு சுடிதார் வேண்டுமாம். வேலைக்குப் போவதென்று அவள் முடிவெடுத்துவிட்டது எனக்கு அப்படித்தான் தெரிந்தது. ரங்கநாதன் தெருவில் கூட்டம் எங்களைத் தள்ளிக்கொண்டு போய் ஒரு கடைக்குள் விட்டது. அவள் சாம்பல் நிறத்தில் ஒன்றை எடுத்து மேலே வைத்துக் காட்டினாள்.

"டீச்சர் மாதிரி கீதா?"

இருந்தது. போட்டுப் பார்க்கும் அறைக்கு வெளியே எங்களுக்கு முன்னால் ஏழு பேர். அந்த வரிசையில் நிற்கும்போது, ஏனென்று எனக்கே தெரியாது, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். விண்ணப்பம், கூட்டல் குறி, விவரத்தாள், பக்கத்தைத் திருப்பிய அணி.

அவள் சாம்பல் சுடிதாரைத் தோளில் போட்டுக்கொண்டாள். "இத்த சொல்றதுக்கு உனக்கு ட்ரையல் ரூம் க்யூதான் கெடச்சுதா?"

"மூணு நாளா சொல்லணும்னு இருந்தேன்."

"பதினாலா? அந்தச் சுண்டுவிரல் நகம் பேந்துச்சே, அதையுமா போட்ட?"

"போட்டேன்."

அவள் சிரித்துவிட்டாள். முன்னால் நின்ற பெண்மணி திரும்பிப் பார்த்தார். "எங்க அம்மாக்கா. எனக்கு நகம் பேந்தத கவர்மெண்டுக்கே எழுதிப் போட்டுடுச்சு," என்று அவரிடம் சொன்னாள். அந்தப் பெண்மணி எதுவும் புரியாமல் சிரித்தார். பிறகு மகளின் முகத்திலிருந்து சிரிப்பு போனது.

"எனக்கு இன்னா கோவம் தெரியுமா? எழுதுனதுகூட இல்ல. பதினாலு லைனாலதான் இப்டி ஆச்சுன்னு நீயே முடிவு பண்ணிட்ட பாரு, அது. என் ஹைட்டு பத்தலன்னு இருக்கலாம். என் ஆட்டம் பத்தலன்னு இருக்கலாம். அவங்க வேண்டாம்னு சொன்னது என்னை. உன் நோட்டை இல்ல."

எங்கள் முறை வந்தபோது அவள் சாம்பல் சுடிதாரை விற்பனைப் பெண்ணிடம் திருப்பிக் கொடுத்துவிட்டாள். எதுவும் வாங்காமல் வீடு திரும்பினோம்.

அதன்பிறகு இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. திங்கட்கிழமை காலை ஐந்தரைக்குப் பையைத் தூக்கிக்கொண்டு பயிற்சிக்குப் போனாள். சொல்லிக்கொண்டு போகவில்லை. கோடம்பாக்கத்தில் சினிமா யூனிட்டுக்கு வேன் ஓட்டும் என் கணவர், செவ்வாய்க்கிழமை தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னா நடக்குது இங்க? ரெண்டு பேரும் என்கிட்ட மட்டும் பேசறீங்க. எனக்கு பயமா கீது."

புதன்கிழமை அவள் பயிற்சியிலிருந்து வந்து ஈரத் தலையோடு என் முன்னால் உட்கார்ந்தாள். "நோட்டெல்லாம் எடு."

ஆறையும் எடுத்துவைத்தேன்.

"சார் வேற டீமுக்கு எழுதப் போறாராம். அடிபட்ட கதையெல்லாம் எடுத்துட்டு, ‘ஒன்னும் இல்ல’ன்னு ஒரு பேப்பர் எழுதித் தரச் சொன்னாரு. முடியாதுன்னுட்டேன். ஏற்கெனவே அவங்க கையில பதினாலு கீது. இப்போ ஒன்னுமே இல்லன்னா, அன்னிக்கு சொன்னது பொய்யா இன்னிக்கு சொல்றது பொய்யான்னு கேப்பாங்க." நோட்டை என் பக்கம் தள்ளினாள். "அடிபட்டதெல்லாம் எழுதி வச்சியே, அதனால எத்தினி மேட்ச் ஆடாம போனேன்? அது கீதா?"

இருந்தது. ஆட்டங்கள் ஒரு பக்கத்திலும் அடிகள் எதிர்ப்பக்கத்திலுமாக இத்தனை வருடமாக எழுதி வந்திருக்கிறேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றியதே இல்லை. விரல் வைத்து ஒவ்வொரு தேதியாக ஒப்பிட்டோம். இரண்டேகால் மணி நேரம் ஆயிற்று. பதினான்கு காயங்களில் அவள் ஆடாமல் விட்டவை மூன்று ஆட்டங்கள். மூன்றும் மணிக்கட்டு விரிசல் சமயத்தில். கணுக்கால் சுளுக்கின் பதினொரு நாள் ஓய்வில் ஆட்டமே இருக்கவில்லை.

"மூணா?" என்றாள். "நான் இன்னும் ஜாஸ்தின்னு நெனச்சேன்."

அவள் சொல்லச் சொல்ல நான் ஒரு வெள்ளைத்தாளில் எழுதினேன். இடது பக்கம் காயம், வலது பக்கம் விட்ட ஆட்டம். வலது பக்கத்தில் பெரும்பாலும் பூஜ்யம். பயிற்சியாளர் அதைக் கைப்பேசியில் படம் பிடித்து மூன்று இடங்களுக்கு அனுப்பினார். ஓரத்தில் அவருடைய கட்டைவிரலும் விழுந்திருந்தது. வேறு படம் எடுக்கச் சொன்னேன். "யம்மா, போதும்," என்றார்.

எட்டு நாள் எந்தப் பதிலும் இல்லை. பள்ளிக்குப் பதில் சொல்ல வேண்டிய வெள்ளி நெருங்கியது. அவள் பந்துகளைத் தடுத்துவிட்டு வந்தாள், பேடுகளைக் கழுவினாள், சாப்பிட்டாள். கைப்பேசி அதிரும்போதெல்லாம் நாங்கள் மூவரும் வேறு எங்கோ பார்த்தோம். நான் அந்த எட்டு நாளும் சரியாக உறங்கவில்லை. அதை நோட்டில் எழுதவில்லை, ஏனென்றால் அது அவளுடைய நோட்டு.

வியாழக்கிழமை காலை பதினொன்று இருபதுக்குப் பயிற்சியாளர் என் அலுவலகத் தொலைபேசிக்கே அழைத்தார்.

"டீமுல இல்லமா. முதல்லயே சொல்ட்றேன். பிராக்டிஸ் கோல்கீப்பர். மூணு வாரம் கேம்ப்பு. அவங்களோட ரெண்டு கீப்பருங்க ரெஸ்ட் எடுக்கச்சொல்ல இவ நின்னு பந்து வாங்கணும். ஜெர்சி கெடையாது, பெஞ்சு கெடையாது. தங்க எடம், சாப்பாடு, டிக்கெட். அவ்ளோதான்."

"அப்புறம் சார்?"

"அப்பால ஒன்னும் இல்ல. அந்த ரெண்டு பேர்ல யாருக்காச்சும் அடிபட்டா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். நானும் நிறுத்தச் சொல்லியிருப்பேன். அந்த இரண்டு பேருக்கும் வீட்டில் அம்மா இருப்பாள். அவர்களுடைய தாளில் அந்தக் கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதியிருக்கும்.

மாலை மகளிடம் சொன்னேன். ஒரே ஒரு முறை, என் கருத்தாக, "ஸ்கூல் நிச்சயம். இது நிச்சயமில்ல," என்றேன்.

அவள் என் கணவரைப் பார்த்தாள். "நைனா, நீ சொல்லு."

"நான் வண்டிதான் ஓட்டறேன். எங்க போவணும்னு ஏறி உக்கார்றவங்கதான் சொல்லணும்," என்றார் அவர்.

அவள் கொஞ்ச நேரம் கால் விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "அங்க நாட்டுலயே நல்லா அடிக்கறவங்க எல்லாம் வருவாங்கமா. மூணு வாரமும் என்னைப் பாத்துதான் அடிப்பாங்க. ஸ்கூல்ல யாரும்மா என்னை அப்டி அடிப்பா?"

வெள்ளி காலை எட்டு ஐம்பதுக்குப் பள்ளிக்கு அவளே பேசினாள். நன்றி சொன்னாள், வர முடியாது என்றாள். தலைமையாசிரியை, இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவோம் என்று சொன்னார். "கொடுத்துடுங்க மேடம்," என்றாள். வைத்த பிறகு கைப்பேசியைத் தரையில் கவிழ்த்துவிட்டு, இரண்டு உள்ளங்கையையும் அதன்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அன்று மதியமே முகாமிலிருந்து ஒரு படிவம் வந்தது. ஒரே பக்கம். தெருமுனைக் கடையில் அச்செடுத்து வந்து சமையலறைத் தரையில் உட்கார்ந்து நிரப்பினாள். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். பேனா நின்றது.

"மா, அந்தக் கட்டம் வந்துடுச்சு."

"உனக்கு எப்படித் தோணுதோ போடு," என்றேன்.

அவள் தாளைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள். நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, பேடுகளைப் புரட்டிப்போட மாடிக்குப் போனேன். அவை ஏற்கெனவே காய்ந்திருந்தன. இருந்தாலும் ஒவ்வொன்றையும் திருப்பிப் போட்டு, மேற்குப் பக்கச் சுவரில் சாய்த்து, மறுபடியும் கிழக்குப் பக்கம் கொண்டுவந்தேன். இறங்கி வந்தபோது தாள் உறைக்குள் இருந்தது. உறை ஒட்டியிருந்தது. அவள் என்ன எழுதினாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

திங்கட்கிழமை அவளை ரயிலேற்றப் போனோம். பையின் எடை பதினேழு கிலோ நானூறு. வண்டி பன்னிரண்டு நிமிடம் தாமதமாகக் கிளம்பியது. பையை மேலே தூக்கிவைக்கும்போது அவள் வலது கையைப் பயன்படுத்தவில்லை என்பதைப் பார்த்தேன். கட்டைவிரலின் அடிப்பகுதி வீங்கி, இலேசாகச் சிவந்திருந்தது. காலைப் பயிற்சியில் பட்டிருக்க வேண்டும்.

"கையில என்னடி?"

"ஒன்னும் இல்ல."

"வீங்கியிருக்கு."

"ஒன்னும் இல்லன்னு சொல்றேன்ல." கையைப் பின்னால் கொண்டுபோனாள். பிறகு சிரித்தாள். "பதினஞ்சுன்னு போடப் போறியா?"

வண்டி நகர்ந்தது. இடது கையை ஆட்டினாள்.

வீட்டுக்கு வந்து ஆறாவது நோட்டை எடுத்தேன். மீதி நான்கு பக்கங்கள்தான். தேதி, வண்டி கிளம்பிய நேரம், பையின் எடை. எதிர்ப்பக்கத்தில் ‘வலது கட்டைவிரல்’ என்று எழுதி, பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். எழுந்து தண்ணீர் குடித்தேன். மாடிக்குப் போனேன். பேடுகள் சாய்ந்திருந்த இடத்தில் சுவர் மட்டும் இருந்தது. திரும்பி வந்து, அந்த வரியை முடித்தேன்.

‘வலது கட்டைவிரல்: ஒன்றும் இல்லை. அவள் சொன்னபடி.’